சிவப்பு ஆயிலும் என் வீட்டுக்காரரும்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, தெருவே இட்லிக்குச் சட்னி அரைத்துக்கொண்டிருந்த நேரத்தில், நான் ஒரு காருக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தேன்.

பதறாதீர்கள். விபத்தெல்லாம் இல்லை. சொந்தக் கார். சொந்த வாசல். படுக்கச் சொன்னதும் சொந்தப் புருஷன்தான்.

"ஈஸ்வரி, மூஞ்சிக்கு நேரா மேல பாரு. நடுவுல சதுரமா குழி வெச்ச போல்ட்டு ஒண்ணு தெரியுதா?"

"இங்க எல்லாமே போல்ட்டாத்தான் தெரியுது."

"அதச் சுத்தி எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும் பாரு."

"எல்லாத்தச் சுத்தியும் இருக்கு!"

"சரி... எந்த போல்ட்டப் பாத்தா உனக்கு ரொம்பக் கோவம் வருது? அதான்."

இந்த மனிதர் இப்படிப் பேசி எவ்வளவு நாள் ஆகிவிட்டது தெரியுமா? படுத்தபடியே சிரித்தேன். மூக்கில் ஒரு சொட்டு விழுந்தது. ஆமாம், அதுதான் அந்த போல்ட்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் வீட்டுக்காரர் ராஜாங்கத்தைத் தெரியும். புதிதாக வந்திருப்பவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். எங்களுக்குப் போடிநாயக்கனூரில் வீடு. போடிமெட்டைத் தாண்டி, மேலே கொஞ்சம் ஏலக்காய்த் தோட்டம். ஏலச்செடிகளுக்கு நிழல் தரும் மரங்களில் மிளகுக் கொடியும் ஏற்றியிருக்கிறோம். இரண்டு வருடங்களுக்கு முன்னால் அந்த மிளகைப் பறிக்க ஏணியில் ஏறியவர், ஏணியோடு சேர்ந்து கீழே வந்தார்.

இடது காலில் தகடு வைத்துத் திருகு போட்டு எலும்பை ஒட்டிவிட்டார்கள். நரம்பு மட்டும் ஒட்டவில்லை. பாதத்தை மேலே தூக்க முடியாது. முழங்காலுக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் பட்டை, கையில் ஒரு கம்பு. அப்படித்தான் நடக்கிறார்.

நடப்பதுகூடப் பெரிதில்லை. கிளட்சை மிதிக்க முடியாது என்பதுதான் அவருக்குப் பெரிய அடி. இருபது வயதிலிருந்து ஜீப் ஓட்டி மலை ஏறிய மனிதர். ஜீப்பை விற்ற அன்று, அது தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்று பார்த்தார். அப்புறம் சில மாதங்கள் அந்த வாசலுக்கே வரவில்லை. சாப்பிடுவார். பேப்பர் படிப்பார். கேட்டால் 'ம்' என்பார். முப்பது வருடம் என்னோடு சண்டை போட்ட மனிதர் திடீரென்று எதற்கெடுத்தாலும் 'ம்' என்றால்... எப்படி இருக்கும்? பயமாக இருக்கும்.

அந்தப் பயத்தில்தான் மதுரைக்குப் போய் ஒரு பழைய ஆட்டோமேட்டிக் காரை வாங்கி வந்தோம். அதில் கிளட்ச் கிடையாது. ஆக்ஸிலேட்டர், பிரேக் — இரண்டே பெடல். இரண்டுக்கும் வலது கால் போதும். கியரை அதுவே பார்த்துப் போட்டுக்கொள்ளும்.

முதல் தடவை அதில் மலை ஏறிவிட்டு வந்த அன்று, சாம்பாரில் உப்பு கம்மி என்று கத்தினார். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. சந்தோஷத்தில்தான்!

அந்தக் கார்தான் போன மாதம் மலையில் மக்கர் செய்தது. புலியூத்தைத் தாண்டி ஒரு கொண்டை ஊசி வளைவு. இவர் மிதிக்கிறார்... இஞ்சின் ஊரைக் கூட்டுகிறது... வண்டி நகரவில்லை. நின்ற இடத்தில் நிற்காமல் பின்னால் வேறு வழுக்கியது. பின்னால் எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு வந்த ஜீப்பிலிருந்து பெண்கள் எல்லாரும் ஒரே குரலில் அலறினார்கள். நானும்தான். இவர் கைப்பிரேக்கை இழுத்துப் பிடித்து, கீழ் கியருக்குத் தள்ளினார். வண்டி 'டங்'கென்று ஒரு குதி குதித்து, முனகிக்கொண்டே ஏறியது.

ஒருவழியாக வீடு வந்து சேர்ந்தோம். வந்த பிறகும் காரை விட்டு இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். நான் காபி எடுத்துப் போய்க் கொடுத்தேன்.

"ம்" என்றார்.

அந்த 'ம்' திரும்பி வந்துவிட்டது.

ஒரு சர்வீஸ் சென்டரில் விசாரித்தோம். கியர்பாக்ஸையே மாற்ற வேண்டும் என்றார்கள்.

"ஆயில் மாத்திப் பாத்தா சரியாகாதா தம்பி?" என்று இவர் கேட்டார்.

"அதெல்லாம் ஆயுளுக்கும் மாத்த வேண்டாத ஆயில் சார்."

"யாரோட ஆயுளுக்கு?"

அந்தப் பையன் அடுத்த காரைப் பார்க்கப் போய்விட்டான். போடியில் இருக்கும் மெக்கானிக்குகளோ இன்னும் நேர்மையானவர்கள். "ஆட்டோமேட்டிக்கா? ஆள விடுங்கண்ணே" என்று கும்பிடு போட்டுவிட்டார்கள்.

அப்புறம் என் தம்பி பால்பாண்டி. எஸ்டேட் ஜீப் ஓட்டுகிறவன். மலைப்பாதையின் ஒவ்வொரு குழியும் அவனுக்குச் சொந்தக்காரன் மாதிரி. மாமா மேல் உயிரையே வைத்திருக்கிறான். ஆனால் வாயைத் திறந்தால்...

"கியர் போடாத வண்டியெல்லாம் ஒரு வண்டியா மாமா? தூக்கிப் போட்டுட்டு எங்கூட ஜீப்புல வாங்க. முன் சீட்டு உங்களுக்குத்தான். எங்க போகணுமோ நான் கொண்டுபோய் விடுறேன்."

அன்பாகத்தான் சொன்னான். ஆனால் இவர் முகத்தை நான் பார்த்தேன். தன் தோட்டத்துக்குப் போக இன்னொருவர் வண்டியில் முன் சீட்டு! அன்றிலிருந்து அவனிடமும் 'ம்'தான்.

அடுத்த சில வாரங்கள் போனும் கையுமாக இருந்தார். நான் ஏதோ படம் பார்க்கிறார் என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தால்... யாரோ ஒருவர் காருக்கு அடியில் கிடக்கிறார். மறுநாள் வேறொருவர். வேறு பாஷை. அவரும் காருக்கு அடியில்தான் கிடக்கிறார். கியர்பாக்ஸ் ஆயிலை வீட்டிலேயே மாற்றுவது எப்படி என்று உலகம் முழுக்கப் பாடம் நடத்துகிறார்கள். அதில் பாதிப் பேர் 'மாற்று, பிழைத்துக்கொள்ளும்' என்கிறார்கள். மீதிப் பேர் 'ரொம்ப நாள் மாற்றாத வண்டியில் கை வைக்காதே, பழைய ஆயிலில் இருக்கும் தூள்தான் உள்ளே பிடித்துக்கொண்டிருக்கும், புது ஆயில் ஊற்றினால் மொத்தமாக வழுக்கிவிடும்' என்கிறார்கள்.

"ரெண்டு கட்சிக்காரய்ங்களும் கைகால் நல்லா இருக்கிறவய்ங்க" என்றார் இவர். "வண்டி போனா பஸ்சுல போயிக்கிருவாய்ங்க. எனக்கு அப்படியா?"

போனை அணைத்துக் கீழே வைத்தார்.

"செஞ்சு பாப்பமா ஈஸ்வரி? என்னால அடியில படுக்க முடியாது. நீதான் படுக்கணும்."

கல்யாணம் ஆகி இத்தனை வருடத்தில் இந்த மனிதர் என்னிடம் வாயைத் திறந்து கேட்ட உதவி இது ஒன்றுதான். காபி கேட்டதெல்லாம் உதவிக் கணக்கில் வராது — அது உத்தரவு. முடியாது என்று சொல்ல எனக்கு மனசு வருமா?

ஞாயிற்றுக்கிழமை காலை, முன் சக்கரங்களை சில்வர் ஓக் பலகைகளை அடுக்கிச் செய்த சரிவில் ஏற்றினார். பின் சக்கரங்களுக்குப் பெரிய பெரிய கல். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகக் கூடாது என்று எனக்கு ஒரு சொற்பொழிவு. என் பழைய நைட்டி ஒன்று தியாகத்துக்குத் தயாரானது. அடியில் சாக்கு விரித்துப் படுத்துக்கொண்டேன்.

அங்கேயிருந்து பார்த்தால் உலகம் வேறு மாதிரி தெரிகிறது. கால்கள் மட்டும்தான் தெரிகின்றன. இவருடைய வலது பாதம் ஊன்றி நிற்கிறது. இடது பாதம் பட்டைக்குள் பேசாமல் இருக்கிறது. பக்கத்தில் கம்பின் ரப்பர் நுனி. கேட்டுக்கு அருகில் இன்னொரு ஜோடி — ரப்பர் செருப்பு. பால்பாண்டி! ஞாயிற்றுக்கிழமை இட்லிக்கு வருவது அவன் வழக்கம்.

"அக்கா, அங்க என்ன பண்ற?"

"உங்க மாமாகிட்டக் கேளு."

"மாமா?"

"ம்" என்றார் இவர்.

"சரி, நான் வேடிக்க பாக்குறேன்" என்று தன் பைக்கிலேயே உட்கார்ந்துகொண்டான்.

போல்ட் லேசில் திரும்பவில்லை. ஸ்பானரில் ஒரு இரும்புக் குழாயைச் செருகித் தொங்கினேன். "உன் பலத்தப் போடாத, எடையப் போடு" என்று மேலிருந்து யோசனை வந்தது. வேறு நாளாக இருந்தால் இந்த வார்த்தைக்கு நடந்திருப்பதே வேறு. தொங்கினேன். 'டக்'.

ஆயில் கொட்டியது பாருங்கள்... கருங்கறுப்பு. தீய்ந்துபோன கடலை எண்ணெய் வாசம். இவர் ஒரு விரலில் தொட்டு, மூக்கருகில் கொண்டுபோய், கண்ணை மூடி முகர்ந்தார். ஏலக்காயைக் கசக்கி முகர்கிற அதே மாதிரி.

"போல்ட்டக் கொண்டா." அதன் நுனியில் ஒரு காந்தம். அதில் கண் மை மாதிரி ஏதோ அப்பியிருந்தது. விரலில் தேய்த்துப் பார்த்தார். "மாவாத்தான் இருக்கு. இரும்புத் துண்டு எதுவும் இல்ல. அப்ப இன்னும் உசிரு இருக்கு ஈஸ்வரி."

யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

போல்ட்டைப் புது வாஷர் போட்டு மூடினேன். வெளியே வந்த அளவுக்கே புது ஆயிலை அளந்து, புனல் வைத்து ஊற்றினார். ஜாதிலிங்கம் மாதிரி சிவப்பு ஆயில்! கார் ஆயில் இவ்வளவு அழகாக இருக்கும் என்று எனக்குத் தெரியவே தெரியாது.

முடிந்துவிட்டது என்றுதான் எழுந்தேன். முடியவில்லையாம். அடியில் வந்தது கொஞ்சம்தானாம். கியர்பாக்ஸுக்குள் ஒளிந்திருக்கிற பழைய ஆயில் மீதம் இருக்கிறதாம். அதை வெளியேற்ற, முன்னால் ரேடியேட்டருக்குப் போகும் ஒரு ரப்பர் குழாயைக் கழற்றி, அதில் கண்ணாடி மாதிரியான டியூபைச் செருகி, மறுமுனையைத் தண்ணீர் கேனுக்குள் விட வேண்டும். இஞ்சினை ஸ்டார்ட் செய்தால் வண்டியே பழைய ஆயிலைத் துப்பும். ஒரு லிட்டர் துப்பியதும் நிறுத்த வேண்டும். புதிதாக ஒரு லிட்டர் ஊற்ற வேண்டும். மறுபடி ஸ்டார்ட். சிவப்பாக வரும்வரை இதுதான் சோலி.

"நிறுத்தலேன்னா?"

"உள்ள காஞ்சுபோயி பம்ப்பு போயிரும். அப்புறம் மொத்தமும் போச்சு."

இவர் டிரைவர் சீட்டில். நான் முன்னால் கேனுக்குப் பக்கத்தில். நடுவில் தூக்கி நிறுத்திய பானெட். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது.

"ஒரு லிட்டர் வந்ததும் 'நிறுத்து'ன்னு கத்து" என்றார்.

"உங்களப் போயி 'நிறுத்து'ன்னா?"

"இன்னைக்கி மட்டும் பரவால்ல."

முதல் தடவை கறுப்பு. நிறுத்து! ஊற்றினேன். இரண்டாம் தடவை கடுங்காப்பி. நிறுத்து! ஊற்றினேன். அடுத்தது டீ டிகாஷன். எங்களுக்குள் ஒரு தாளம் வந்துவிட்டது. நான் கத்துகிறேன், அவர் சாவியைத் திருப்புகிறார், நான் ஊற்றுகிறேன், "ஆச்சு" என்கிறேன், அவர் மறுபடி திருப்புகிறார். பானெட்டுக்கு அந்தப் பக்கம் அவர் ஏதோ பாட்டை முணுமுணுப்பது கேட்டது. பால்பாண்டி பைக்கிலிருந்து இறங்கி, இரண்டடி கிட்ட வந்து நின்றான்.

டியூபில் லேசாகச் சிவப்பு தெரிய ஆரம்பித்தது. "வருதுங்க, செவப்பா வருது!" என்று குனிந்து பார்த்தேன்.

அந்த நேரம் பார்த்து டியூப் பிடுங்கிக்கொண்டது.

சரியாக என் முகத்தில்! நெற்றி, கன்னம், கழுத்து, நைட்டி — எல்லாம் சிவப்பு. 'நிறுத்து' என்றுதான் கத்தியிருக்க வேண்டும். ஆனால் வாயில் வந்ததோ 'அய்யோ!'

எதிர்வீட்டு மாரியம்மாக்கா பால் பாத்திரத்தோடு வாசலுக்கு வந்தவர், என்னைப் பார்த்தார். "அய்யய்யோ... ஈஸ்வரிக்கு ரத்தம்! ரத்தம்!"

கார்க் கதவு படாரென்று திறந்தது.

இதை எப்படிச் சொல்வது உங்களுக்கு? என் வீட்டுக்காரர் ஓடி வந்தார். நடக்கவில்லை — ஓடினார். கம்பு சீட்டிலேயே கிடக்கிறது. கதவிலிருந்து பம்பர்வரை அந்தக் கொஞ்ச தூரத்தை, தூக்க முடியாத அந்தப் பாதத்தோடு ஓடி வந்தார். தரையெல்லாம் ஆயில். பட்டை போட்ட கால் வழுக்கி, என் காலடியில் மடேரென்று விழுந்தார்.

கையிலிருந்த டியூபை விட்டெறிந்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். இஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கிறது. புது ஆயில் தரையில் கொட்டிக்கொண்டே இருக்கிறது. எனக்கு அது தெரியவும் இல்லை, கேட்கவும் இல்லை.

"எங்க பட்டுச்சு? எங்க புள்ள பட்டுச்சு?" இரண்டு கையாலும் என் முகத்தைத் துடைக்கிறார். துடைக்கத் துடைக்கச் சிவப்பு.

"ஆயிலுங்க... வெறும் ஆயிலு. எனக்கு ஒண்ணுமில்ல. உங்க காலு? காலக் காட்டுங்க."

"கண்ணுல பட்டுச்சா?"

"இல்லைங்க."

"நெசமா?"

"நெசமா."

திடீரென்று சத்தம் நின்றது. நிமிர்ந்து பார்த்தால், டிரைவர் சீட்டில் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாகப் பால்பாண்டி. சாவியைத் திருப்பி நிறுத்தியிருந்தான். 'கியர் போடாத வண்டியெல்லாம் ஒரு வண்டியா' என்று கேட்டவன்!

"மாமா... வண்டி ஓடிக்கிட்டே கெடந்துச்சு. ஆயிலு பூராம் தரையில போயிருச்சு" என்றான். பம்ப்பு போய்விடும் என்று இவர் சொன்னதை அவனும் கேட்டுக்கொண்டுதானே இருந்தான்?

"கெடக்கட்டும் மாப்ளே" என்றார் இவர்.

அவ்வளவுதான். வாரக்கணக்காக அந்தக் காருக்காகத் தூங்காமல் கிடந்த மனிதர். அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் காதோரம் வழிந்த ஆயிலை வேட்டி முனையால் ஒற்றிக்கொண்டே இருந்தார்.

அப்புறம் என் முகத்தை ஒரு தடவை முழுசாகப் பார்த்தார். சிரிக்க ஆரம்பித்தார். "கோயில் செலைக்குச் செந்தூரம் பூசுன மாதிரி இருக்க" என்றார். மாரியம்மாக்காவும் சிரித்தார். நான் அழுதுகொண்டே சிரித்தேன். காலுக்கு ஒன்றும் ஆகவில்லை. முழங்கையில் மட்டும் சிராய்ப்பு.

பால்பாண்டி கையை நீட்டினான். ஏணியிலிருந்து விழுந்த நாள்முதல் இவர் எழுந்திருக்க யார் கை கொடுத்தாலும் பிடித்ததில்லை. சுவரைப் பிடிப்பார், தூணைப் பிடிப்பார், கையைப் பிடிக்க மாட்டார். அன்றைக்குப் பிடித்தார்.

"தூக்குடா மாப்ளே. வெயிட்டு ஏறிப்போச்சு, உங்கக்கா சமையலு."

ஒன்று சொல்லத் தோன்றுகிறது. ஒருவருக்கு உதவுவது என்றால் அவர் சுமையை வாங்கி நம் தலையில் வைத்துக்கொள்வது என்றே நினைத்துவிடுகிறோம். அவர் எதைச் சுமக்க ஆசைப்படுகிறார் என்று கேட்பதில்லை. சில பேருக்கு, அவர் சொல்கிற இடத்தில் போய்ப் படுத்து, அவர் சொல்கிற பக்கம் ஸ்பானரைத் திருப்பினால் போதும். மீதியை அவரே பார்த்துக்கொள்வார்.

சரி, கார்?

உள்ளே பம்ப் இருக்கிறதா, போய்விட்டதா? பால்பாண்டி தானாகவே முன்னால் வந்து டியூபைச் செருகி, கிளிப்பை இறுக்கி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். இறைந்துபோனதைக் குத்துமதிப்பாகக் கணக்குப் பார்த்து, இவர் புனலில் ஊற்றினார். நான் மூஞ்சியைக் கழுவிவிட்டு வந்து டார்ச் அடித்தேன். மாரியம்மாக்கா மரத்தூள் கொண்டுவந்து வாசலில் கொட்டினார்.

"அடிக்கிறேன்" என்று சாவியைத் திருப்பினார்.

ஒரு கரகரப்பும் இல்லை. பூனை மாதிரி ஓடியது. டியூபில் வந்தது சுத்தமான சிவப்பு. "நிறுத்து!" என்று நான் கத்துவதற்குள் பால்பாண்டி கத்திவிட்டான். கத்திவிட்டு "...ங்க மாமா" என்று சேர்த்துக்கொண்டான்.

குழாயைப் பழையபடி மாட்டினோம். வண்டியைப் பலகையிலிருந்து இறக்கிச் சமதரையில் நிறுத்தினார். பிரேக்கை மிதித்தபடி கியர்க் கம்பியை ஒவ்வொரு இடமாகத் தள்ளி, கொஞ்சம் கொஞ்சம் நேரம் நிறுத்தி வைத்தார். பழையபடி 'டங்' என்று ஒரு குதி வரும் என்று நாங்கள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம்.

வரவில்லை.

இஞ்சின் ஓடும்போதே அளவுக் கம்பியை உருவிப் பார்த்தார். இரண்டு கோட்டுக்கும் நடுவில், கனகச்சிதம்.

"மலைதான் சொல்லணும்" என்றார். ரொம்ப சந்தோஷப்பட்டுவிடக் கூடாது என்கிற ஜாக்கிரதை.

மறுநாள் காலை கிளம்பினோம். பால்பாண்டி லீவு போட்டுவிட்டான். "நடுவுல நின்னுட்டா தள்ளணும்ல?" என்று பின் சீட்டில் ஏறினான். முந்தல் தாண்டியதும் ஏற்றம் ஆரம்பித்தது. ஒரு வளைவு... இன்னொரு வளைவு. கதவுக் கைப்பிடியை நான் பிடித்த பிடியில் அது கையோடு வந்திருக்க வேண்டும். இவர் கண் ரோட்டில் இருந்தாலும், கவனம் முழுக்கக் காதில் இருந்தது. இஞ்சின் சத்தத்தையே கேட்டுக்கொண்டு வந்தார்.

புலியூத்து தாண்டியது. அந்த வளைவும் வந்தது. முன்னால் ஒரு லோடு ஜீப்பு, நகர்கிறதா நிற்கிறதா என்று தெரியாமல் ஊர்ந்துகொண்டிருந்தது. பாதி வளைவில் இவரும் வேகத்தைக் குறைத்தே ஆகவேண்டும். வழுக்கினால் இங்கேதான் வழுக்கும். இவர் மெல்ல மிதித்தார்.

வண்டி ஏறியது. சத்தமே இல்லாமல், ஆற்றில் பரிசல் நகர்கிற மாதிரி வளைந்து மேலே போனது.

"ஏறுது மாமா!" பின் சீட்டிலிருந்து பால்பாண்டி கத்தினான். "அட, ஏறுது! அந்த ஜீப்ப ஓவர்டேக் எடுங்க மாமா, வெரசா! எனக்குத் தெரிஞ்ச பயதான் ஓட்டுறான். பாக்கட்டும்!"

"சும்மா இருடா" என்றார் இவர். ஆனால் இடம் கிடைத்ததும் எடுத்தார். கடக்கும்போது ஹாரன் வேறு. தேவையே இல்லாத ஹாரன்.

போடிமெட்டில் பனி இறங்கிக் கிடந்தது. டீக்கடை மலையாளத்துக்காரர் தூரத்திலேயே கையை ஆட்டினார். "எந்தா ராஜாங்கம் சேட்டா, குறே நாளாயல்லோ கண்டிட்டு!" பார்த்து ரொம்ப நாளாகிவிட்டதாம்.

"வண்டிக்குக் கொஞ்சம் சொகமில்ல" என்றார் இவர். "இப்பத் தேவலாம்."

தோட்டத்தில் வெகுநேரம் இருந்தார். கம்பை ஊன்றிக்கொண்டு செடி செடியாக நின்று, தூரைக் குனிந்து பார்த்து, வேலை செய்கிறவர்களைக் கண்டபடி திட்டி... அவர்களும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார்கள். இவர் குரல் ஏலச்செடிகளுக்குள் அங்கேயும் இங்கேயும் கேட்டுக்கொண்டிருந்தது. நான் ஒரு கல்லில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு அதையே கேட்டேன்.

கதை இதோடு முடிந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

இறங்கி வந்தோம். வீட்டுப் பக்கம் திரும்ப வேண்டிய வண்டி திரும்பவில்லை. தேவாரம் ரோட்டில் கொஞ்ச தூரம் போய், ஆள் நடமாட்டம் இல்லாத இடமாகப் பார்த்துப் புளியமரத்தடியில் நின்றது.

"எறங்கு" என்றார்.

"எதுக்கு?"

"இங்கிட்டு வந்து ஒக்காரு." டிரைவர் சீட்டைத் தட்டிக் காட்டினார்.

"உங்களுக்கென்ன கிறுக்கா?"

"நேத்துக் கீழ கெடந்தப்ப நெனச்சேன் ஈஸ்வரி. எனக்கு ஒண்ணுன்னா, என்னையத் தூக்கிட்டுப் போக நீ தெருவுல நின்னு யாரையாச்சும் கூப்பிடணும். நீ எதுக்கு ஒருத்தனக் கூப்பிடணும்? வண்டிக்கு அடியில படுத்து அதோட வயித்தையே பாத்துட்டு வந்துட்ட. மேல ஒக்காந்து ஓட்டுறதுக்கு என்ன?"

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

"ரெண்டே பெடலு. ஒண்ணு போகும், ஒண்ணு நிக்கும். சோறு பொங்குறதவிடச் சுளுவு."

"சோறு பொங்கித் தெரியுமா உங்களுக்கு?"

பின் சீட்டில் பால்பாண்டி கதவைத் திறந்தான். "நான் வேணா நடந்து வர்றேன் மாமா..."

"ஒக்காருடா."

உட்கார்ந்தோம். எல்லாரும். ஸ்டியரிங்கைப் பிடித்த என் கையின் மேல் அவர் கையை வைத்தார். அதில் இன்னும் ஆயில் வாசம். "பிரேக்க மெல்ல விடு" என்றார். விட்டேன். புளியமரம் மெதுவாகப் பின்னால் போயிற்று. அய்யோ, அது போகவில்லை... நான் போகிறேன்!

"ரோட்டப் பாரு. என்னையப் பாக்காத."

"நீங்க கத்தாம இருங்க, நான் ஏன் பாக்கப்போறேன்!"

"எடதுல போ, எடதுல!"

"எடதுலதான் போறேன்!"

தேவாரம் ரோட்டில் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாட்டு வண்டி வேகத்தில் ஒரு பழைய கார் முன்னால் போனால், தயவுசெய்து ஹாரன் அடிக்காதீர்கள் — உள்ளே இரண்டு பேர் முக்கியமான சண்டையில் இருக்கிறார்கள்.